அத்தியாயம் 6: பிள்ளைகள் வராத பள்ளியை ஊருக்குத் திறப்பது

2019 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் 46 அரசுப் பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகங்களாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு அவற்றின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. நீலகிரி, வால்பாறைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பிழைப்புத் தேடிக் கீழே இறங்கிவிட்டன. சமவெளி ஊர்களில் தனியார் பள்ளி வேன் தெருமுனைக்கே வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டது. ஆசிரியர்கள் வேறு பள்ளிகளுக்கு மாறிப் போக, கட்டடம் மட்டும் நின்றது. இது இடைக்கால ஏற்பாடுதான், மாணவர் சேர்ந்தால் பள்ளி மீண்டும் நடக்கும் என்று கல்வித்துறை சொன்னது. 2025–26 கல்வியாண்டில் சேர்க்கையே இல்லாத அரசுப் பள்ளிகளின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது.

இப்படி நின்றுபோன பள்ளியை ஊர் கூடும் இடமாக மாற்றக் கிளம்பும் குழுக்கள் முதலில் தேடுவது பெயின்ட் டப்பாவை. அது பட்டியலில் கடைசியில் வரவேண்டியது. கட்டடம் யாருடையது, அது நிற்குமா, யார் வருவார்கள், எந்த நேரத்தில் வருவார்கள், சாவி யாரிடம் இருக்கும்? இந்த ஐந்துக்கும் விடை கிடைத்த ஊரில் சுவர் வெளுத்திருந்தாலும் கூட்டம் வரும். விடை இல்லாத ஊரில் திறப்பு விழாப் பலகை துருப்பிடிக்கும்.

இந்த அத்தியாயத்துக்கான மாதிரி ஊர் திருத்தணி வட்டாரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை மூன்று வட்டங்களும் திருத்தணி வருவாய்க் கோட்டத்தில் அடங்கும். 365 படி ஏறி முருகனைப் பார்க்க வரும் பக்தர் கூட்டம் ஒரு பக்கம். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊர்கள் இன்னொரு பக்கம். சற்றே வடக்கே போனால் நகரி, ஆந்திரம். வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுவது இங்கே இயல்பு. செப்டம்பர் 5-ஐ நாடு முழுவதும் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுவது 1888-இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனை வைத்துத்தான். நம் மாதிரிப் பள்ளி சிறியது: இரண்டு வகுப்பறை, ஒரு தாழ்வாரம், சத்துணவுக் கூடம், ஒரு வேப்பமரம்.

கட்டடம் யாருடையது?

ஊரில் கேட்டால் "கவர்மென்ட் பள்ளிக்கூடம்" என்பார்கள். வேலைக்கு அந்தப் பதில் போதாது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள். ஆசிரியரும் படிப்பும் கல்வித்துறையின் பொறுப்பு, கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதனால் ஒரே மனுவை இரண்டு மேசைகளில் கொடுக்க வேண்டும்: வட்டாரக் கல்வி அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர். ஒருவர் சம்மதித்து மற்றவருக்குத் தெரியாமல் போனால் ஆறு மாதம் கழித்துப் பூட்டு மாறும். உதவிபெறும் பள்ளி என்றால் கட்டடம் நிர்வாகத்துக்குச் சொந்தம். அங்கே வாய்ச் சம்மதத்தை நம்பிச் செலவு செய்யாமல் எழுத்துமூலமான குத்தகை ஒப்பந்தம் போட்டுக்கொள்வது நல்லது.

நிலம் தனிக் கதை. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்தால் அது நத்தமா, புறம்போக்கா, யாரோ தானம் கொடுத்த பட்டா நிலமா என்பது தெரியும். தான நிலத்தில்தான் சிக்கல் அதிகம். தாத்தா வாயால் கொடுத்திருப்பார், பத்திரம் எழுதியிருக்க மாட்டார். பள்ளி நடந்தவரை வாய் திறக்காத வாரிசுகள் பூட்டு விழுந்ததும் வருவார்கள். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிட்டால் பின்னால் வரும் வழக்கை முன்னாலேயே காணலாம்.

திருத்தணிப் பக்கத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. இந்தப் பகுதி ஒருகாலத்தில் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்தது. பிறகு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சிவஞானம் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பின் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய தானப் பத்திரம் தெலுங்கில் இருந்தால் வியப்பில்லை. தெலுங்கு எழுத்து தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டால் நகலும் மொழிபெயர்ப்பும் தேடி அலையும் செலவு குறையும்.

பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிடக் கூடாது. சேர்க்கைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகமும் அங்கே படித்தவர்களின் பிறந்த தேதிக்கும் படிப்புக்கும் சாட்சி. அவை பொறுப்புப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடமோ வட்டாரக் கல்வி அலுவலகத்திலோ இருக்கின்றனவா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பல கிராமங்களில் வாக்குச்சாவடி பள்ளிக் கட்டடத்தில்தான் இருக்கும். அந்த ஊர்களில் தாசில்தாருக்கும் ஒரு கடிதம் தேவை. தேர்தல் காலத்தில் அறையை ஒழித்துக் கொடுப்போம் என்ற ஒற்றை வரி அதில் இருந்தால் போதும்.

இடிக்கவா, நிறுத்தவா?

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் உதவிபெறும் பள்ளி ஒன்றின் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்கள் சோதிக்கப்பட்டுப் பழுதானவை இடிக்கப்பட்டன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரையில் பற்றிய தீ 94 பிள்ளைகளைக் கொன்றது. இந்த இரண்டு தேதிகளும் குழுவின் முதல் கூட்டக் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டியவை. பிள்ளைகளுக்கு ஆபத்து என்று கைவிட்ட கூரையின் கீழ் பெரியவர்களை உட்கார வைத்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் ஒன்றியப் பொறியாளர். அவர் வருமுன் குழுவே சில இடங்களைப் பார்த்துக் குறித்து வைக்கலாம். கான்கிரீட் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே துரு ஏறி வீங்கியிருக்கிறது. மேலே பூசி மறைப்பது வீண். ஓட்டுக் கூரை என்றால் உத்திரமும் கைமரமும் சுவரில் நுழையும் இடத்தைக் குத்திப் பார்க்க வேண்டும், கரையான் அங்கிருந்துதான் தொடங்கும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குச் சிமென்ட் பூச்சு ஆகாது. ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்னும். சுண்ணாம்புப் பூச்சே போதும். கல்நார் ஷீட் போட்ட சத்துணவுக் கூடத்தில் ஷீட்டை உடைப்பதும் துளைப்பதும் நுரையீரலைக் கெடுக்கும் தூசியைக் கிளப்பும். அதை மாற்றுவதென்றால் நனைத்து, உடையாமல் முழுசாக இறக்க வேண்டும்.

சுற்றுச்சுவரையும் கழிவறையையும் தனியாகச் சோதிக்க வேண்டும். திருநெல்வேலியில் விழுந்தது வகுப்பறை அல்ல என்பதை மறக்கக் கூடாது.

கூரை வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. அப்போது ஓடு பிரித்தால் உள்ளே இருப்பதும் போகும். மின்சாரத்தில், பழைய ஒயரை முழுவதும் மாற்றுவதோடு மின்வாரியத்தில் பயன்பாடு மாறியதை எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கான இணைப்பிலேயே தையல் மையம் ஓடினால் ஆய்வு வரும் நாளில் அபராதம் விழும். குடிநீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துவிட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். வாசல்படிக்குப் பக்கத்தில் சாய்தளம் வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் கட்டினால் சக்கர நாற்காலியில் வருபவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் ஏறலாம்.

கரும்பலகையை அப்படியே விட்டுவிடலாம். கூட்டத்துக்கும் கணக்குக்கும் அறிவிப்புக்கும் அதைவிட மலிவான கருவி இல்லை.

ஊரைக் கேட்பது

2022 முதல் தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளிக் கட்டடத்தை எதற்குப் பயன்படுத்துவது என்ற தீர்மானம் இவற்றில் ஒன்றில் நிறைவேறி, தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஊராட்சித் தலைவர் மாறினாலும் அந்தத் தாள் மாறாது.

ஆனால் கிராம சபையில் பேசுபவர்கள் ஒரு சிலர்தான். வாய் திறக்காதவர்களைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் முடிந்த கையோடு பத்து நிமிடம், தறிக்கூடத்தில் தேநீர் நேரத்தில் பத்து நிமிடம், பேருந்து நிறுத்தத்தில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு பத்து நிமிடம். என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் நூலகம் என்பார்கள். அது மரியாதைக்கான பதில். எந்த நேரத்தில் வீட்டைவிட்டு வர முடியும், வந்தால் யாரோடு உட்காருவீர்கள் என்று கேட்டால் உண்மை வரும்.

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும். பெரும்பாலான ஊர்களில் கோயில் மண்டபம் ஒரு சாதியிடம் இருக்கிறது, சமுதாயக் கூடம் இன்னொரு தெருவில் இருக்கிறது, தேநீர்க் கடைக்கும் தன் வரலாறு உண்டு. காலனிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் உரிமையோடு ஒரே வாசலில் நுழைந்த இடம் பள்ளிக்கூடம் ஒன்றே. பூட்டிய பள்ளியை ஒரு தெருவின் இளைஞர் மன்றத்துக்கோ ஒரு வகையறாவின் கல்யாண விருந்துக்கோ கொடுத்துவிட்டால் அந்த ஒற்றை வாசலும் அடைபடும். ஆகவே குழுவில் எல்லாத் தெருவுக்கும் இடம், குறைந்தது பாதி பெண்கள், எந்த வீட்டு விசேஷத்துக்கும் வாடகைக்கு விடுவதில்லை என்ற மூன்றையும் விதிகளாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யலாம். பதிவு இருந்தால்தான் வங்கிக் கணக்கும் நன்கொடை ரசீதும் ஒழுங்காக நடக்கும்.

ரேஷன் கடைக்கு இடமில்லை, ஒரு அறையை மூட்டை அடுக்கக் கொடுங்கள் என்று கேட்டு வருவார்கள். ஒன்றியத்தின் உடைந்த நாற்காலிகளும் அதே வழியில் வரும். கட்டடம் கிடங்காவது இப்படித்தான். அந்த அறைகள் திரும்பக் கிடைப்பது அரிது.

நேரமும் சாவியும்

கட்டடம் மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய பாடம் உண்டு. 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளிலும் நூலகம் கட்டப்பட்டது. அலமாரி வந்தது, புத்தகம் வந்தது. பொறுப்பாளருக்குக் கொடுத்தது மிகச் சிறிய மதிப்பூதியம். பல ஊர்களில் சில ஆண்டுகளில் பூட்டு தொங்கியது, புத்தகம் செல்லரித்தது. பின்னால் வந்த சீரமைப்புத் திட்டங்கள் அதே கட்டடங்களுக்கு மீண்டும் வெள்ளையடிக்க வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடம் நடந்தபோது அதை நடத்தியது கால அட்டவணை. புதிய மையத்துக்கும் அதுவே வேண்டும். இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும் உள்ள பள்ளிக்கு இப்படி ஓர் அட்டவணை பொருந்தும்:

காலை 6 முதல் 8 வரை: செய்தித்தாள்; போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு அறை.
காலை 10 முதல் 1 வரை: மகளிர் குழு, தையல், மாதத்தில் குறித்த நாளில் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை.
பிற்பகல் 3 முதல் 5 வரை: முதியோர், தாழ்வாரத்தில்.
மாலை 5 முதல் 7 வரை: பிள்ளைகள்.
இரவு 7 முதல் 8.30 வரை: இளைஞர்கள், ஊர்க் கூட்டங்கள்.

இந்த நேரங்களில் பாதிக்கு ஆளும் அனுபவமும் ஏற்கெனவே இருக்கின்றன. 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை ஒன்றரை மணி நேரம் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பாடம் நடத்திப் பழகிய தன்னார்வலர்கள் பல ஊர்களில் உண்டு. அதே ஆண்டு வந்த மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் ஊழியர்கள் வீடு வீடாக மாத்திரையோடு போகிறார்கள். நடக்க முடிந்தவர்கள் ஓரிடத்தில் கூடினால் அவர்களுக்கும் நேரம் மிச்சம். வேலை தேடும் இளைஞர்களுக்கு அமைதியான மேசையும் மின்விளக்கும் எவ்வளவு தேவை என்பதைச் சென்னை கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகமும் நகராட்சிகளின் அறிவுசார் மையங்களும் காட்டுகின்றன. ஊரிலிருந்து நகரத்துக்கு அதற்காகப் பேருந்து ஏறும் பெண்பிள்ளைக்குப் போகவர ஆகும் நேரமே படிக்கும் நேரத்தில் பாதி.

சாவி ஒருவரிடம் இருந்தால் அது அவர் வீடாகிவிடும். பத்துப் பேரிடம் இருந்தால் திறந்து போட்டுப் போய்விடுவார்கள். இரண்டு சாவி, இரண்டு வெவ்வேறு தெரு, இரண்டும் பள்ளியிலிருந்து நடக்கும் தூரத்தில் என்று வைப்பது நல்லது. சாவி வைத்திருப்பவர்களுக்குச் சிறு தொகையானாலும் மாதம் தவறாமல் ஊதியம் வேண்டும். புண்ணியத்துக்குச் செய்பவர் மூன்றாம் மாதம் அறுவடை வந்ததும் வரமாட்டார். திறந்த நேரம், மூடிய நேரம், வந்தவர் எண்ணிக்கை மூன்றையும் ஒரு நோட்டில் தினமும் எழுத வேண்டும். ஆண்டு முடிவில் பணம் கேட்கப் போகும்போது அந்த நோட்டுதான் கூட வரும்.

உள்ளூர்ச் சரக்கு

ஜப்பானில் பிள்ளைகள் குறைந்து மூடிய பள்ளிகளுக்குக் கணக்கே தனி. 2002 முதல் 2020 வரை அங்கே மூடிய அரசுப் பள்ளிகள் 8,580. அவற்றில் கட்டடம் நிற்பவற்றில் நான்கில் மூன்று ஏதோ ஒரு பயனில் இருந்ததாக அந்த நாட்டுக் கல்வி அமைச்சகம் 2021-இல் கணக்கெடுத்தது. காலிப் பள்ளியையும் அதைப் பயன்படுத்த விரும்புவோரையும் இணைக்க அந்த அமைச்சகம் 2010 முதல் ஒரு திட்டமே நடத்துகிறது. முரோட்டோ என்ற கடலோர ஊரில் 2006-இல் மூடிய ஷீனா தொடக்கப் பள்ளி 2018-இல் மீன் காட்சியகமாகத் திறந்தது. நீச்சல் குளத்தில் சுறாவும் ஆமையும் நீந்துகின்றன. மீன்கள் பெரும்பாலும் உள்ளூர் மீனவர் வலையில் வருபவை. அவாஜி தீவில் 2010-இல் மூடிய நொஜிமா பள்ளி இரண்டு ஆண்டில் உணவகமும் ரொட்டிக் கடையும் உள்ளூர் விளைபொருள் சந்தையுமானது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் நெஸ் வட்டார மக்கள் 1977-இல் தொடங்கிய வரலாற்றுச் சங்கம், பழைய கிராஸ் பள்ளிக்குக் குடிபெயர்ந்து, அங்கே அருங்காட்சியகமும் குடும்ப ஆவணங்களும் தேநீர்க் கடையும் வைத்திருக்கிறது.

தீவுப் பள்ளிகளின் கதையை வடக்கெல்லை ஊர்கள் ஏன் கேட்க வேண்டும்? ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டுக் கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்தால் பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கி ஊர்கள் துண்டிக்கப்பட்டுத் தீவுகளாகும். அந்த நாட்களில் மேட்டில் நிற்கும் பள்ளிதான் அடைக்கலம். எனவே மையத்தின் ஒரு அலமாரியில் டார்ச், கயிறு, தார்ப்பாய், முதலுதவிப் பெட்டி, பெரிய பாத்திரம் ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும். சத்துணவுக் கூட அடுப்பை இடித்துவிடக் கூடாது.

மொழியும் உள்ளூர்ச் சரக்கே. வடக்கெல்லையில் தமிழ் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் மங்கலங்கிழார் ஊர் ஊராகப் போய்த் தமிழ் கற்பித்தார். அந்தப் பணியிலிருந்தே எல்லைப் போராட்டத்துக்கு ஆட்கள் கிடைத்தார்கள். இன்று அதே ஊர்களில் பாட்டிக்குத் தெலுங்குப் பேச்சு, பேத்திக்குத் தமிழ் எழுத்து. தெலுங்கில் ஒரு நாளிதழும் பிள்ளைகளுக்கான சில தெலுங்குப் படக்கதைப் புத்தகங்களும் அலமாரியில் இருந்தால், பிற்பகல் மூன்று மணிக் கூட்டமும் மாலை ஐந்து மணிக் கூட்டமும் ஒன்றையொன்று தேடும்.

நெசவு ஊர்களில் தறியைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. சத்தமும் மின்சுமையும் மற்ற எல்லாவற்றையும் துரத்திவிடும். டிசைன் அட்டைகள், பழைய புடவை மாதிரிகள், கூலிக் கணக்குப் பழகும் வகுப்பு, இணையத்தில் விற்கக் கற்றுத்தரும் ஒரு மேசை ஆகியவை போதும்.

அடுத்தது திருவிழா. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு நடந்து வருபவர்களும் புரட்டாசியில் திருப்பதிக்கு நடப்பவர்களும் இந்தச் சாலைகளில்தான் போகிறார்கள். டிசம்பர் 31 இரவு திருப்படித் திருவிழாவுக்குப் பஜனைக் குழுக்கள் குவியும். தண்ணீர், கழிவறை, படுக்க நிழல் மூன்றும் அவர்களுக்கு வேண்டும், மூன்றும் பள்ளியில் உண்டு. தாழ்வாரத்தையும் முற்றத்தையும் அந்த நாட்களில் திறந்துவிடலாம்; அன்னதானக் குழுவோடு முன்பே பேசினால் கழிவறைப் பராமரிப்புக்கு அவர்கள் பங்கும் கிடைக்கும். வகுப்பறைகள் மட்டும் பூட்டியே இருக்கட்டும். திருவிழா முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்குச் செய்தித்தாள் வழக்கம்போல் மேசையில் இருக்க வேண்டும்.

பணம்

பணத்தில் இரண்டு வகை: ஒருமுறை செலவு, மாதச் செலவு. கூரை, ஒயரிங், சாய்தளம், கழிவறை ஆகிய ஒருமுறை செலவுகளுக்குக் கதவுகள் உண்டு. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு தரும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம். திருத்தணி அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் வருவதால் நாடாளுமன்ற உறுப்பினர் நிதிக்கான கடிதம் அந்தத் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகள் பக்கத்தில்தான் இருக்கின்றன. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' இயங்கும் அரசுப் பள்ளிகளை மனத்தில் வைத்து வந்தது; பூட்டிய பள்ளிக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

மாதச் செலவுக்குத்தான் ஊர்கள் மூச்சு வாங்கும். மின்கட்டணம், செய்தித்தாள், சாவி வைத்திருப்பவரின் ஊதியம், துடைப்பம், ஃபினாயில். தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பழைய வசதி உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது; எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்குப் பின்னால் நின்றவர். அதன்படி சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி சேர்கிறது. அந்த வரியை ஊர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறது. மாவட்ட நூலக அலுவலரிடம் விண்ணப்பித்து ஒரு அறையைப் பகுதி நேர நூலகமாக ஏற்கச் செய்தால் புத்தகமும் இதழும் பணியாளரும் கிடைக்கும் வழி திறக்கும். ஆயிரம் ரூபாய் கொடுத்து நூலகப் புரவலராகும் ஏற்பாடும் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கும் பழைய மாணவர்களிடம் பெரிய தொகையாக ஒருமுறை கேட்பதைவிட மாதச் செய்தித்தாள் கட்டணம் போன்ற சிறு பொறுப்பாகக் கேட்டால் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

வந்த பணமும் போன பணமும் மாதாமாதம் கரும்பலகையில் எழுதப்பட வேண்டும்.

பள்ளி திரும்பி வரும் வழி

2019-இல் புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரில் தொடக்கப் பள்ளி நூலகமாக மாறியது. அலமாரி வந்த சில நாட்களில் ஊரார் கூடிப் பேசினார்கள். வெளியே படித்த பிள்ளைகளில் சிலரைத் திரும்பச் சேர்த்தார்கள். பள்ளி மறுபடி திறந்தது.

ஜப்பானின் ஓகிஜிமா தீவிலும் இதுவே நடந்தது. செட்டோ உள்நாட்டுக் கடலில் இருக்கும் அந்தச் சிறு தீவில் பிள்ளைகள் இல்லாமல் பள்ளி நின்றிருந்தது. அங்கே நடந்த கலைத் திருவிழாவை ஒட்டித் தீவுக்குத் திரும்ப விரும்பிய குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் 2014 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது.

ஆகவே எந்த மாற்றமும் திரும்ப எடுக்கத்தக்கதாக இருக்க வேண்டும். இரண்டு அறைக்கு நடுவே உள்ள சுவரை உடைத்து மண்டபமாக்கினால் அது நாளை வகுப்பறையாகாது. நகர்த்தும் அலமாரி, மடக்கும் மேசை, அகற்றத்தக்க தடுப்பு ஆகியவற்றை வாங்கலாம். பெயர்ப் பலகையில் பள்ளியின் பெயர் மேலே, மையத்தின் பெயர் கீழே. பள்ளியின் யுடைஸ் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். தமிழ்நாட்டின் கல்வி உரிமை விதிகள் ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி வேண்டும் என்கின்றன. அந்த உரிமையைக் கைவிடுவதாகப் பொருள்படும் எந்த வாசகமும் ஒப்பந்தத்தில் நுழைய விடக் கூடாது.

முதல் ஆண்டு

ஜனவரி 26 கிராம சபை: தீர்மானம், குழுத் தேர்வு.
பிப்ரவரி, மார்ச்: நில ஆவணம், பொறியாளர் அறிக்கை, தெருத் தெருவாகக் கேட்பது. மார்ச் 22 சபையில் அறிக்கை படிப்பது.
ஏப்ரல், மே: கழிவறை, ஒயரிங், குடிநீர். பணம் குறைவாக இருந்தால் தாழ்வாரத்தை மட்டும் திறந்து மாலை வகுப்பைத் தொடங்குவது.
ஜூன்: ஊரில் ஐந்து வயது நிறைந்த பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுப்பது.
ஜூலை, ஆகஸ்ட்: ஆடிக் கிருத்திகைக்குத் தண்ணீர்ப் பந்தல்; ஆகஸ்ட் 15-இல் முறையான திறப்பு.
செப்டம்பர்: கூரை வேலை முடிவு, வெள்ளக்கால அலமாரி தயார்.
அக்டோபர் 2, நவம்பர் 1 சபைகள்: வருகை நோட்டு, கணக்கு.
டிசம்பர்: மழை ஒழுகிய இடங்களைச் சுண்ணாம்பால் குறித்து வைப்பது, படித் திருவிழா ஏற்பாடு.

அடுத்த ஜனவரி 26-இல் குழு படிக்க வேண்டிய அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மையம் திறந்த நாட்கள், மூடியிருந்த நாட்களும் காரணமும், நேரவாரியாக வந்தவர்கள், மின்கட்டணம், கையிருப்பு. கடைசி வரியில் ஜூன் கணக்கெடுப்பின் எண்ணிக்கை. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எனவே பத்துப் பதினைந்து பெற்றோர் கையெழுத்துப் போட முன்வந்தால், அதே கூட்டத்தில் அடுத்த பொருளாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஆசிரியர் கேட்டு எழுதும் மனுவை எடுத்துக்கொள்ளலாம். மையத்தின் நேரத்தை மாலைக்கும் இரவுக்கும் நகர்த்தினால், பகலில் இரண்டு அறைகளும் பள்ளிக்குக் கிடைக்கும்.